அவள் பேரில்

தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவன் 'உபரி வருமானம்' என்று வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலுக்கு எனக்குத் தகுதி கிடையாது. நான் டைப்பிஸ்ட். சம்பளத்தோடு கிம்பளமும் நடந்து வருகிற நாற்காலிகள் அந்தக் கட்டடத்தில் இருந்தன. என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை; நாலாக மடித்த கார்பன் தாளை அடியில் கொடுத்து உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துப் போடுகிறவரைத் தேடித்தான் ஜனம் வரும். அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கிற இருபது வரியையும் அடித்தவனுக்கு, நல்ல நாளாக இருந்தால், ஒரு டீ.

ஆகவே என் அகராதியில் உபரி வருமானம் என்றால் நிஜமாகவே உபரியாக உழைத்து வருவது. அதை இரண்டு யுகங்களில் முயன்று பார்த்திருக்கிறேன். முதல் யுகத்தில் ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. இரண்டாவதில் எதுவுமே தேவையில்லை என்றார்கள்.

கல்யாணம் 1986ல். அதற்கு முந்தின வருஷம்தான் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகியிருந்தது. புது மாவட்டம், புது கலெக்டர் ஆபீஸ், பழைய சம்பளம். மகள் பிறந்ததும் பால் நோட்டும் மளிகை நோட்டும் என்னை முறைக்க ஆரம்பித்தன. தபால் இலாகாவில் இருந்த என் மாமனார் ஒரு வழி சொன்னார். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.க்கு ஆள் சேர்த்து, மாதாமாதம் வீடு தேடிப் போய்ப் பணம் வாங்கிக் கட்டினால் நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷன். 1972லிருந்தே நடக்கிற திட்டம். ஒரே ஒரு நிபந்தனை, ஏஜென்சி பெண்களுக்கு மட்டும்தான்.

"அதனால என்ன மாப்ள, பேருதான அவ பேரு" என்றார்.

பேர்தான் அவள் பேர். மாதக் கடைசியில் தலைமைத் தபால் நிலையத்தில் மகளிர் முகவர்கள் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முக்கால்வாசி மீசை வைத்திருக்கும். வாத்தியார்கள், மில் சூப்பர்வைசர்கள், கோர்ட் அமீனாக்கள், எல்லார் கக்கத்திலும் மஞ்சள் பை, பைக்குள் அவரவர் சம்சாரம் கையெழுத்துப் போட்ட பட்டியல். பெண்களின் முன்னேற்றத்துக்காக இத்தனை ஆண்கள் வரிசையில் நின்ற இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை.

எனக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று உண்டு. அதிலிருந்து வாசகம் எடுத்து எத்தனையோ பேருக்கு நானே மெமோ அடித்திருக்கிறேன். மனைவி ஏஜென்சி வைத்துக்கொள்ளலாம். நான் அதற்கு ஆள் பிடித்தால் வினை. எனவே நான் ஆள் பிடிக்கவில்லை. மனைவியின் வாடிக்கையாளர்கள் குடியிருக்கும் தெருக்களில் தற்செயலாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். போதாததற்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யில் குற்றச்சாட்டு கொடுக்கக்கூடிய தூரத்தில் இருந்த அத்தனை பேரையும் முதல் இரண்டு மாதத்திலேயே ஆர்.டி.யில் சேர்த்துவிட்டேன். ஹெட்கிளார்க் ஐம்பது ரூபாய். தாசில்தார் மகள் பேரில் நூறு. விதியை விட வட்டி பெரிது.

வசூல் என்பது ஒரு கலை என்பார்கள். கலையெல்லாம் இல்லை, வெட்கத்தைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டுவதுதான். மாதத்தின் முதல் பாதியில் கணக்குத் தொடங்கியவர்களுக்கு பதினைந்தாம் தேதி கெடு, மற்றவர்களுக்கு மாதக் கடைசி. தவறினால் தாமதக் கட்டணம். ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் நாகல்நகர், அங்கிருந்து பேகம்பூர், இருட்டினதும் நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறைகள். பட்டறையில் அரம் போடுகிற ஒருத்தர் மாதம் இருபது ரூபாய் கட்டினார். ஒரு தடவை கூடத் தவறியதில்லை. எண்ணெய்க் கையால் நோட்டைத் தொட வேண்டாம் என்று, துணி முடிச்சில் சில்லறையாகவே எடுத்து வைத்திருப்பார். பித்தளைத் தூள் ஒட்டிய எட்டணாக்கள். எதிர்ச்சாரியில் மாடி வீட்டு டீச்சர் நூறு ரூபாய்க் கணக்கு. கேட்டைத் திறந்ததுமே பிள்ளை ஓடி வந்து, "அம்மா வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்று ஒப்பிக்கும்.

டீச்சருக்கு நானே கைக்காசைப் போட்டுக் கட்டுவேன். இல்லாவிட்டால் கணக்கு நின்றுவிடும், கமிஷனும் நின்றுவிடும். ஆக மாதக் கடைசியில் இருநூற்று நாற்பது ரூபாய் கமிஷன் வந்தால், அதே மாதம் நூற்று எண்பது ரூபாய் என் காசு ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குப் பேர் உபரி வருமானம்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். எழுதாத படிவங்களில் வரிசையாக நாற்பது கையெழுத்து. ஒரு தடவை, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "நீ கையெழுத்தப் போடு" என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

1991 அக்டோபர் 30, உலக சிக்கன நாள். மாவட்டத்தின் சிறந்த முகவர்களுக்குக் கலெக்டர் கையால் சான்றிதழ். அவள் பேரும் இருந்தது. பட்டுப்புடவை கட்டி மேடை ஏறினாள். கலெக்டர் வாஞ்சையாக, "எத்தனை கணக்கு வச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார். அவள் கூட்டத்தில் நாலாவது வரிசையில் இருந்த என்னைத் தேடினாள். நான் விரல்களைக் காட்டினேன். அறுபத்தி மூன்றுக்கு எத்தனை விரல் காட்டுவது? அவள் "இருக்குங்கய்யா, நிறைய இருக்கு" என்று சொல்லிச் சமாளித்து இறங்கிவிட்டாள். அந்தச் சான்றிதழை நான்தான் சட்டம் போட்டு மாட்டினேன்.

அந்தக் காலத்திலும் வீட்டில் உட்கார்ந்தே சம்பாதிக்க வழி சொல்பவர்கள் இருந்தார்கள். வார இதழ்களின் கடைசிப் பக்கத்தில் பெட்டி பெட்டியாக விளம்பரம் வரும். 'முன் அனுபவம் தேவையில்லை. சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையுடன் எழுதவும்.' எழுதினால் வி.பி.பி.யில் ஒரு புத்தகம் வந்து சேரும். ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, சாக்பீஸ், பினாயில், எல்லாம் முப்பத்திரண்டு பக்கத்துக்குள். நான் பினாயில் செய்தேன். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. இருபது பாட்டிலில் பதினெட்டை நாங்களே ஊற்றித் தீர்த்தோம். அப்புறம் தேக்குமரக் காலம் வந்தது. யாரோ எங்கோ நட்ட மரத்தில் எனக்கு ஒரு பங்கு. பத்திரம் இன்னும் பீரோவில் இருக்கிறது, நல்ல கெட்டித் தாள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது யுகம் எனக்கு 2006ல் பிறந்தது. மகள் படிப்புச் செலவு கண் முன்னால் நின்றது. பத்திரிகையில் விளம்பரம்: ஆன்லைன் டேட்டா என்ட்ரி, கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை, டைப்பிங் தெரிந்தால் போதும். படித்ததும் எனக்குள் ஒரு கர்வம் எழுந்து உட்கார்ந்தது. இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முதல் வகுப்பில் முடித்தவன். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை பரீட்சைக்கு. எனக்கு அதற்கு மேலேயே ஓடும். இருபது வருஷம் பிறர் கையெழுத்துக்குக் கீழே காணாமல் போன விரல்களைக் கடைசியில் உலகம் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

சென்னையில் ஒரு கம்பெனி. டெபாசிட் ஆறாயிரத்து ஐந்நூறு. "வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் சார்" என்றார் அங்கிருந்த இளைஞர், டை கட்டியிருந்தார். ஒரு சி.டி. கொடுத்தார்கள். அதில் முந்நூறு பக்கம், படமாக எடுத்த ஏதோ ஆங்கிலப் புத்தகம். பதினைந்து நாளில் அப்படியே அடித்துத் தர வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருந்தால் பணம். ஒரு புள்ளி குறைந்தால் ஒன்றுமில்லை.

அவள் அன்றைக்கு ஒன்று கேட்டாள். "வேலை பாக்கப் போறது நீங்க. காசையும் நீங்களே எதுக்குக் கட்டுறீங்க?" எனக்கு எரிச்சல். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். ராத்திரி ஏழிலிருந்து கடை சாத்துகிற வரை என் ராஜ்யம். முதல் நாளே சென்டர் பையன் ஓடி வந்தான். "சார் சார், மெதுவாத் தட்டுங்க, கீபோர்டு போயிரும்." ரெமிங்டனில் அடித்துப் பழகிய விரல், ஒவ்வொரு எழுத்தையும் மூன்று கார்பன் தாண்டி நாலாவது தாளில் விழ வைக்கிற விரல். அதை விட வேடிக்கை, வரி முடியப் போகும்போதெல்லாம் என் இடது கை தானாக எழும்பி, அங்கே இல்லாத லீவரைத் தள்ளும். பக்கத்து சீட்டில் சாட்டிங் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு தடவை குனிந்து தப்பித்தார்கள்.

ஐம்பது மணி நேரத்தில் முடித்தேன். ஆயிரம் ரூபாய் பிரவுசிங் சென்டருக்கு. அந்த வருஷம் திண்டுக்கல்லில் ஆன்லைன் மூலம் சம்பாதித்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அந்தச் சென்டர் முதலாளிதான்.

பத்து நாளில் முடிவு வந்தது. அக்யூரசி தொண்ணூற்றொன்று. தப்புகளின் பட்டியலும் இணைத்திருந்தார்கள். பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஒரு வார்த்தை விடவில்லை. எல்லாத் தப்பும் ஒரே தப்பு. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் நான் இரண்டு இடம் விட்டிருந்தேன். படத்தில் ஒரு இடம்தான் இருந்ததாம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்குத் தெரியும். புள்ளி வைத்தால் ஸ்பேஸ் பாரில் இரண்டு தட்டு. மாஸ்டர் பின்னால் நின்று காதாலேயே எண்ணுவார். ஒரு தட்டு குறைந்தால் மேஜையில் ஸ்கேல் விழும். நான் சரியாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அது. என் வாழ்நாளின் ஒழுக்கம் முழுவதையும் அவர்கள் பிழை என்று எண்ணி, கீழே கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். மறுபடி முயல இரண்டாயிரம் ரூபாய் 'மறுபதிவுக் கட்டணம்' கட்டலாம் என்றும் இருந்தது. கட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த நம்பரும் அடிக்கவில்லை.

அந்தச் சென்டர் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருஷம் கழித்துப் பார்த்தபோது கேப்சா அடித்துக்கொண்டிருந்தான். கோணல்மாணலாக வரும் எழுத்துகளைப் படித்து அடிப்பது. ஆயிரம் படத்துக்கு ஒரு டாலர் அக்கம்பக்கம். அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அதே கோணல் எழுத்துகளை நாமும் 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்க ஓசியில் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று. ரீகேப்சா என்று 2007ல் ஆரம்பித்த அந்த ஏற்பாட்டில், உலகத்து ஜனம் அடித்த எழுத்துகளைச் சேர்த்து நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்களையும் பழைய புத்தகங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். டெபாசிட் கேட்கவில்லை, அக்யூரசி கேட்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை. கைராசிக்காரர்கள்.

2018ல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றேன். நான் வெளியே வந்த இரண்டாம் வருஷம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அதற்கடுத்த வருஷம் 60. எனக்காகத்தான் காத்திருந்தார்கள் போலும். பென்ஷன் வருகிறது, பழைய பென்ஷன். குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் மாலை ஐந்து மணி ஆனால் கால் தானாக சைக்கிளைத் தேடுகிறது. அதற்கு யாரும் பென்ஷன் கொடுப்பதில்லை.

ஊரடங்கில் மகள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். அதற்குள் வார இதழ்களின் கடைசிப் பக்கம் முழுவதும் குடியேறியிருந்தது. 'டெக்னிக்கல் நாலெட்ஜ் தேவையில்லை. மொபைல் போதும்.' தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டி ஒரு வெபினாரில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தே சம்பாதிக்க இருபத்தொரு வழி என்று சொன்ன தம்பி, இருபத்தோராவது வழியை ஐயாயிரம் ரூபாய் கோர்ஸில் சேர்ந்தால் சொல்வதாகச் சொன்னார். வி.பி.பி.காரனாவது பினாயிலை முழுசாகச் சொல்லிக்கொடுத்தான்.

தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கான இந்த வேலைகளில் இறங்க எனக்கு ஒரு ஜிமெயில், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மறந்தால் மீட்க இன்னொரு ஜிமெயில், ஆதாரோடு இணைந்த பான், நேராகப் பார்த்து எடுத்த செல்ஃபி, இடது பக்கம் திரும்பி எடுத்த செல்ஃபி எல்லாம் தேவைப்பட்டன. ஓ.டி.பி. எண்களுக்குக் கணக்கே இல்லை. பாஸ்வேர்டுகளை எல்.ஐ.சி. டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். திருடன் வந்தால் நகையை விட்டுவிட்டு அதை எடுத்துப் போகலாம். எடுத்துப் போய் என்ன செய்வான் என்பது வேறு விஷயம்.

யூடியூபில் சேனல் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது மனு எழுதுவது. 'பட்டா மாறுதலுக்கு மனு எழுதுவது எப்படி', முதல் பாகம்: அனுப்புநர். இரண்டாம் பாகம்: பெறுநர். முதல் வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார்: "ஐயா, இப்போ இ-சேவைல போய் ஆன்லைன்ல போட்டாலே போதும்." அந்த வீடியோவுக்கு வந்த ஒரே பதில் அது. அதுவும் நியாயமான பதில்.

சேனலில் விளம்பரக் காசு வர வேண்டுமானால் ஆயிரம் பேர் சந்தாதாரராகச் சேர்ந்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாராவது ஒரு புண்ணியவான் சோறு தண்ணி இல்லாமல் 166 நாள் 16 மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிற்று. கட்டிய மனைவியே அப்படி உட்கார்ந்ததில்லை. கூகுள் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் தபாலில் ஒரு ரகசிய எண் வரும் என்று கேள்விப்பட்டு, தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவரும் இரண்டு வருஷம் என்னைக் கண்டால் கையை விரித்துக் காட்டினார். சந்தாதாரர்கள் அறுபத்தி மூன்று பேரில் நின்றுவிட்டார்கள். அதே அறுபத்தி மூன்று. இதைக் கலெக்டர் கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்தது நான் விழுந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெலிகிராமில் ஒரு பெண் பேரில் செய்தி. வீடியோவுக்கு லைக் போட்டால் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். மூன்று லைக் போட்டேன். நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே வந்து விழுந்தது. பழைய ஏஜெண்ட் மனசு உடனே பின்கணக்குப் போட்டது: ஆர்.டி.யில் நூற்றைம்பது ரூபாய் பார்க்க 3,750 ரூபாய் வசூலிக்க வேண்டும். எத்தனை கேட், எத்தனை நாய், எத்தனை 'நாளைக்கு வாங்க'. இங்கே மூன்று தட்டு. அந்தக் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது, பேராசை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் 'பிரீபெய்ட் டாஸ்க்' என்றார்கள். ஆயிரம் போட்டேன், ஆயிரத்து முந்நூறு வந்தது. ஐயாயிரம் போட்டேன். திரையில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று பச்சையாகத் தெரிந்தது. எடுக்கப் போனால், இன்னும் பன்னிரண்டாயிரம் போட்டால்தான் பூட்டுத் திறக்கும் என்றது. பூட்டு ஊர்க்காரனிடமேவா!

போனை வைத்துக்கொண்டு நான் முழித்த முழியை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"வேலை குடுக்கிறவன் கூலி குடுப்பான். கூலிக்காரன்கிட்ட காசு கேக்கிறவன் எப்படிங்க முதலாளி ஆவான்? அந்த சி.டி.க்காரங்கிட்டப் போனப்பயும் இதத்தான் கேட்டேன்."

1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் போகிற வழியிலேயே முடக்கிப் பார்ப்பார்களாம். நான் இரண்டு நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டேன். சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிய வெட்கத்தை எப்போது எடுத்து மாட்டிக்கொண்டேன் என்று தெரியவில்லை.

போன வருஷம் எங்கள் தெருவில் எம்.ஏ. படிக்கிற பெண் ஒன்று வீட்டுக்கு வந்தது. தமிழில் பேசினால் காசு தருகிறார்களாம். மெஷினுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கக் குரல் சேர்க்கிறார்கள். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமே கூகுளோடு சேர்ந்து 'வாணி' என்று ஒன்றை நடத்துகிறது. மாவட்டம் மாவட்டமாகப் படத்தைக் காட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். இந்தப் பெண் சொன்னது அது இல்லை, இன்னொரு கம்பெனி வேலை. ஆனால் ஏற்பாடு அதே மாதிரி. போனில் ஒரு படம் வரும். பார்த்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். தேறிய பேச்சு ஒரு மணி நேரம் சேர்ந்தால் முந்நூறு ரூபாய்.

"டெபாசிட் எவ்வளவும்மா?" என்றேன்.

"டெபாசிட்டா? எதுக்கு தாத்தா?"

நான் முதலில் உட்கார்ந்தேன், ஆபீஸ் நடை வந்துவிட்டது. "இப்படத்தில் காணப்படுவது யாதெனில், சந்தை ஒன்றில் பொதுமக்கள் காய்கறிகளைக் கொள்முதல் செய்துகொண்டிருக்கும் காட்சியாகும்." நாற்பது பதிவில் முப்பத்தொன்று தள்ளுபடி. காரணம்: பேச்சு இயல்பாக இல்லை. இரண்டு இடம் விட்டது தப்பென்றார்கள் அன்றைக்கு. இன்றைக்கு நான் பேசுவதே தப்பு.

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அதே படத்தைப் பார்த்தாள். "இந்தக் கத்திரிக்காய எவன் வாங்குவான்? காம்பப் பாருங்க, வதங்கிப் போய்க் கெடக்கு. இந்தப் பொம்பள கூடைய இடுப்புல வச்சிருக்கிறதப் பாத்தா வெலை படியலன்னு கெளம்பப் போறா. இன்னும் நாலு எட்டு வச்சான்னா அவனே கூப்பிடுவான்…" அந்தப் பெண் சத்தம் போடாமல் பொத்தானை அழுத்தியிருந்தது. தேறிவிட்டது. அடுத்ததும் தேறியது. அந்த வாரம் அவள் பேசிய எதையும் அவர்கள் தள்ளவில்லை.

அவள் பேச்சு எனக்குப் பழசு. ஆர்.டி. காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கட்டணம் குறைந்த பிறகு, எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப் போவேன். கோயம்புத்தூரில் அவள் அக்கா. கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் நிற்பாள், வெளியே நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிவப்பு எண் ஏற ஏறக் கண்ணாடியைத் தட்டுவேன். "சுருக்கமாப் பேசு." அவள் அக்காவின் மாமியார் நடக்கிற மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருப்பாள், போனில். பன்னிரண்டு ரூபாய் ஆனதும் கதவைத் திறந்துவிடுவேன். இப்போது அதே பேச்சுக்கு எதிர்ப்பக்கம் மீட்டர் ஓடுகிறது. ஏற ஏற நான் அடுப்படிப் பக்கம் போய், "இன்னும் கொஞ்சம் பேசேன்" என்கிறேன்.

முதல் மாதப் பணம் வாங்க ஒரு தடங்கல். பேசுகிறவர் பேரில் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கில் பேசுகிறவர் நம்பரே இருக்க வேண்டும். அவள் பேரில் இருந்த ஒரே கணக்கு என்னோடு சேர்ந்தது; அதில் இருந்த நம்பர் என்னுடையது. பேங்குக்கு அழைத்துப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்து, "அக்கவுன்ட் யார் பேர்ல சார்?" என்று கேட்டது.

"அவங்க பேர்ல" என்றேன்.

படிவத்தை நீட்டினார்கள். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பின்னால் ஆறு பேர் நின்றார்கள், பத்துப் பேர் ஆனார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினேன். "இருங்க, என்ன எழுதியிருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்று இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள்.

முதல் மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். அதில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள். மீதியைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உபரி வருமானம் என்றால் வீட்டுக்குள் யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டியதில்லாத வருமானம் என்பதை அறுபது வயதுக்கு மேல் அவள்தான் எனக்குக் காட்டினாள்.

எனக்கும் இதில் வேலை இருக்கிறது. பின்னணிச் சத்தம் இருந்தால் பதிவு தேறாது. பகல் இரண்டிலிருந்து நாலு வரை ஃபேன் நிற்கும், குக்கர் ஏறாது, காலிங்பெல் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். நான் வாசல்படியில் உட்காருவேன். ஐஸ்காரன், பழைய பேப்பர்காரன், மைக் வைத்த கோலமாவு வண்டி, எல்லாரையும் தெருமுனையிலேயே கையமர்த்த வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை வந்த படத்தை நானும் பார்த்தேன். ஏதோ ஊர் பஸ் ஸ்டாப். சிமெண்ட் பெஞ்சில் வயசான ஒரு ஆள், மடியில் மஞ்சள் பை. வேறொன்றும் இல்லை. இதில் ஒரு நிமிஷம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டது.

"இவரு வசூலுக்குப் போயிட்டு வர்றாரு. பைய மடியில வச்சிருக்கிறதப் பாத்தாலே தெரியுது, வெறும் பை. காசு இருந்தா இப்படியா வச்சிருப்பாரு, கக்கத்துல இடுக்கியிருப்பாரு. உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லியிருப்பாங்க, புள்ளைய விட்டு. இவரு திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரு. இனி வீட்டுக்குப் போயி, சைக்கிளச் செவத்துல சாச்சு வச்சிட்டு, பைய ஆணியில மாட்டிட்டு, இன்னிக்கு வெயிலு சாஸ்தின்னு மட்டும் சொல்லுவாரு. அந்தம்மாவுக்குத் தெரியும். கேக்காது. கைக்காசப் போட்டுக் கட்டினதும் தெரியும். கேட்டா மனுசன் சுருங்கிப் போயிருவாரேன்னு கேக்காது. செம்புல தண்ணி கொண்டாந்து வச்சிட்டு, சோத்தப் போடட்டுமான்னு கேக்கும்…"

சிலிண்டர்காரன் தெருமுனையில் திரும்பி, ஸ்பேனரால் டங் டங்கென்று தட்ட ஆரம்பித்தான். எழுந்து ஓடினேன்.

அந்தப் படத்தில் சைக்கிளே கிடையாது. மூன்றாம் நாள் பார்த்தேன், பச்சை டிக் விழுந்திருந்தது.